என்னை மட்டும் ஏன் வெளியே கூட்டிவந்தீர்கள், அப்பா?

கார் ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "என்ன கண்ணு, இன்னைக்கும் யாருகிட்டயும் பேசலயா?" என்று கேட்கும் என் அப்பாவுக்கு,

பேசவில்லை அப்பா. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா அதே லாஸ் கொலினாஸ் ஆபீசுக்குத்தான் போகிறார். உங்கள் காரை இப்போது அவர்தான் ஓட்டுகிறார். ஃப்ரீவேயில் ஏறத்தான் இன்னும் பயம். பக்கத்துச் சாலையிலேயே சிக்னல் சிக்னலாக நின்று போய்ச் சேருகிறார். உங்கள் சட்டைகளை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டால், "இருக்கட்டும்" என்கிறார்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்காது. நான் பள்ளியை விட்டு நின்றுவிட்டேன். பதினேழு வயது ஆனதும், வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதிக்கொள்கிறேன் என்று அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்தேன். அம்மாவுக்கு இன்னும் என்மேல் கோபம். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? முன்பெல்லாம் இந்த மாதிரிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இப்போது உங்களைப் பற்றி எதையும் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உங்கள்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது அப்பா. இறந்துபோனவரைச் சந்தேகப்படுவது கஷ்டமாக இருக்கிறது. எதிரே நின்று கேட்க முடியாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. வருகிற வெள்ளிக்கிழமை, நான் விட்டுவந்த அதே பள்ளியின் ஆபீசுக்குப் போய் டானியேலாவுக்காக நான் பேச வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டானியேலாவை உங்களுக்கு நினைவிருக்கும். நம் அபார்ட்மென்ட்டில் பின்பக்கக் கட்டிடம். நாம் ராசிபுரத்திலிருந்து அமெரிக்காவில் இந்த இர்விங் ஊருக்கு வந்த வருடம், எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று பள்ளியில் கேட்டார்கள். தமிழ் என்றோம். ஒரு பரீட்சை வைத்து, ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கான வகுப்பில் என்னைப் போட்டார்கள். பெரிய கட்டிடத்துக்கு வெளியே, பார்க்கிங் ஓரமாக, எங்கிருந்தோ இழுத்துவந்து நிறுத்திய தகர அறை அது. போர்ட்டபிள் என்பார்கள். என்னைத் தவிர அங்கே எல்லோர் வீட்டிலும் ஸ்பானிஷ்.

அமெரிக்காவில் நான் வாய் திறந்த ஒரே வகுப்பு அதுதான். தப்பாகப் பேசினால் டானியேலா சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்துவிட்டு நான் சரியாகச் சொல்லும்வரை காத்திருப்பாள். என் இங்கிலீஷ் முழுக்க அவளிடம் கற்றது. அவள் இதே இர்விங்கில் பிறந்தவள். சண்டை போடுவதும் தூக்கத்தில் உளறுவதும் இங்கிலீஷில்தான். கிண்டர்கார்டனிலிருந்தே இந்த வகுப்பில்தான் இருக்கிறேன் என்று அவள் சொன்னபோது, எனக்குத்தான் இங்கிலீஷ் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். இங்கேயே பிறந்தவளுக்கு இங்கிலீஷ் வகுப்பு எதற்கு?

நீங்கள் அப்போது வேலை பெர்மிட்டுக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தீர்கள். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டால் நீங்கள்தான் வருவீர்கள். அந்தத் தகர அறை வாசலில் நின்றீர்கள். டீச்சர் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைக் கோகிலா ஆன்ட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள்.

அந்த வகுப்பிலிருந்து வெளியே வர வருடத்துக்கு ஒரு தேர்வு. படிப்பதையும் எழுதுவதையும் எப்படியோ சமாளித்துவிடலாம். பேசுவதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கிரீனில் வரும் படத்தைப் பற்றிக் கம்ப்யூட்டரிடம் பேச வேண்டும். மார்க் போடுவதும் கம்ப்யூட்டர்தான் என்றார்கள். அதற்காகவே ஆன்ட்டி வீட்டு டைனிங் டேபிளைச் சுற்றி நம் பிள்ளைகளும் சில தெலுங்குப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்போம். ஆன்ட்டி எங்கிருந்தோ எடுத்த படங்களைப் போட்டுக் காட்டுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார்.

"எந்தப் படம் வந்தாலும் சரி. என்ன நடக்குதுன்னு சொல்லு, ஏன்னு சொல்லு, இல்லாட்டி என்ன ஆகும்னு சொல்லு. ஸ்கிரீன்ல ஓடற டைம் கோடு முடியற வரைக்கும் வாயை மூடக் கூடாது. நெஜமா பொய்யான்னெல்லாம் மெஷினுக்குத் தெரியாது."

நீங்கள் கிச்சன் ஓரமாகக் காபி டம்ளரோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெட்கத்தில் எனக்குக் குரல் எழும்பாது. திரும்பி வரும்போது கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, "இப்பக் கத்து கண்ணு, யாருக்கும் கேக்காது" என்பீர்கள். நீங்களும் உங்கள் இங்கிலீஷில் சேர்ந்து கத்துவீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் தெரியுமா? இப்போது நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்த வருடமே நான் வெளியே வந்தேன். கவுன்சலர் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தப் பிள்ளைகள் எப்போதும் நன்றாகத் தயாராகி வருகிறார்கள் என்றார். ஐசலினில் இருக்கும் சித்தப்பாவுக்கு நீங்கள் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, "ஒரே வருசத்துல வெளிய வந்துட்டா" என்றீர்கள். அப்படி ஒரு குரலை உங்களிடம் நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ஆனால் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பாடம் எனக்குப் புரியவில்லை. மெஷினிடம் கோடு முடியும்வரை கத்தத் தெரியும். பக்கத்தில் இருப்பவளிடம் பேனா கேட்கத் தெரியாது. முன்பு புரியாவிட்டால் நிறுத்திச் சொல்லித்தர ஒரு டீச்சர் இருந்தார். வெளியே வந்துவிட்ட பிள்ளைக்கு அவர் கிடையாது. இரண்டு வருடம் இவளைக் கண்காணிப்போம் என்று அப்போது சொன்னார்கள். யார், எங்கிருந்து கண்காணித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாதக்கணக்கில் நான் ஒரு வார்த்தை பேசாமல் வந்தது யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அப்புறம் பத்தாம் வகுப்புக் குளிர்காலத்தில், மளிகைக் கடை பார்க்கிங்கில், காய்கறிப் பையை டிக்கியில் வைத்துக்கொண்டே நீங்கள் சரிந்து விழுந்தீர்கள். அதற்குமேல் அந்தக் கட்டிடத்துக்குள் போய் உட்காருவதற்கு எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், அபார்ட்மென்ட்டின் துணி துவைக்கும் அறையில் டானியேலாவைப் பார்த்தேன். நான் அந்த வகுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு பள்ளி விஷயம் எதையும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். கடைசி வருடத்துப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய் நர்சுக்கு உதவியாளராகப் பயிற்சி கொடுக்கும் வகுப்பு ஒன்று இருக்கிறது. முடித்ததும் சர்டிபிகேட், கையோடு வேலை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அதுதான் ஆசை. ஆனால் அந்த வகுப்பு நடக்கும் அதே நேரத்தில்தான் இங்கிலீஷ் வகுப்பும். இந்த வருடத் தேர்வில் வெளியே வந்தால்தான் அதில் சேரலாம். இதை விட்டால் வேறு வருடம் இல்லை.

"நீ இன்னுமா அந்த வகுப்புல இருக்க?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வருசமும் பேசறதுல போயிடுது. அதுவும் யாரு, நானு. எங்கம்மா கேட்டா சிரிக்கறாங்க."

போன வருடம் என்ன படம் வந்தது என்று கேட்டேன். காற்று இறங்கிய சைக்கிள், பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேள்வி.

"டயரை மாத்தணும்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு எங்கம்மா வளர்த்திருக்காங்க."

"உனக்கு யாரும் சொல்லித்தரலயா?"

"என்னத்த?"

ஈரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எல்லார் வீட்டிலும் ஒரு டைனிங் டேபிள், எல்லார் தலையிலும் ஒரு ஹெட்செட் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இத்தனை வருடம் தினமும் இவளோடு பேசிய டீச்சர்களுக்கு இவளுடைய இங்கிலீஷ் தெரியாதா? மெஷின் சொன்னதை நம்பினார்களா, நம்புவது வசதியாக இருந்ததா? ஒவ்வொரு வருடமும் இவள் அம்மாவைக் கூப்பிட்டு, சிரித்து, நன்றாகத்தான் படிக்கிறாள், கவலைப்படாதீர்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். டீச்சரை எதிர்த்துக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர் அந்த அம்மா. அந்தச் சிரிப்பை நம்பிவிட்டார். பாதி இங்கிலீஷோடு நான் வெளியே. முழு இங்கிலீஷோடு இவள் உள்ளே. அப்படியானால் அந்த அறையில் யாரை வைப்பது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

டானியேலாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரலாமா என்று கேட்கக் கோகிலா ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். நான் இளைத்துவிட்டேன் என்று இட்லி வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்க பாரு கயல். அது நல்ல பொண்ணாவே இருக்கட்டும். இன்னைக்கு அது வரும், நாளைக்கு அதோட கசின் வரும், அப்புறம் அந்த கிளாஸே வந்து வாசல்ல நிக்கும். ஸ்கூலுக்குத் தெரிஞ்சா டெஸ்ட்டையே மாத்திடுவாங்க. அப்புறம் நம்ம பசங்க என்ன பண்ணுவாங்க?"

பெரியவர்களை எதிர்த்துப் பேச எனக்கு வராது. அது அவருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணும் புதுசா சொல்லல. இது நம்மாளுங்களுக்குள்ளயே இருக்கட்டும்னு மொதல்ல சொன்னதே உங்கப்பாதான்."

சொன்னீர்களா அப்பா?

செத்துப்போனவர்மேல் எதை வேண்டுமானாலும் போடலாம், எழுந்து வந்து மறுக்கமாட்டார். ஆன்ட்டி அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொண்டாரா? அப்படித்தான் இருக்கும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் நம் அபார்ட்மென்ட்டுக்குள் நுழையும்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காரில் போகும்போது, டானியேலா வெளியே நின்று கை காட்டி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "டெம்பிள்" என்று நீங்கள்தான் பதில் சொல்வீர்கள். அது ஏன்? அவ்வளவு நீளமாக விளக்க இங்கிலீஷ் வராததாலா?

அம்மாவிடம் கேட்டேன். சிக்னலில் நின்றிருந்தோம்.

"தெரியாதுடி. ஆனா அந்த ரூமைப் பாத்துட்டு வந்த அன்னைக்கு அவரு சாப்பிடல" என்றார். அப்புறம் நீங்கள் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். உங்கள் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் மெயின் கட்டிடத்தில். தமிழ் மீடியம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில். யாராவது பெரியவர்கள் பார்வையிட வந்தால் கட்டிடத்தை மட்டும் சுற்றிக்காட்டி அனுப்பிவிடுவார்களாம். "எம்புள்ளயையும் கொண்டாந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒக்கார வெச்சுட்டாங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார் அம்மா. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்தது தெரியாமல் நின்றிருந்தோம்.

உங்களை நினைத்து அன்று அழுதேன். அழுது முடித்ததும் சந்தேகம் இன்னும் பெரிதாகிவிட்டது. அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே அப்பா நீங்கள்தான். வாசலில் நின்று பார்த்தபோது அங்கே நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேனா? மற்ற பிள்ளைகள் உங்கள் கண்ணில் பட்டார்களா இல்லையா?

நானே சொல்லிக்கொடுத்தேன். துணி துவைக்கும் அறையில், டிரையர்கள் ஓடும் நேரமாகப் பார்த்து. தேர்வு அறையிலும் சுற்றிலும் சத்தமாகத்தான் இருக்கும். டானியேலா தன் வகுப்பில் இருந்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்தாள். அவளுக்கு ஒரே சிரிப்பு.

"கத்தறதுக்கு நீ சொல்லித்தரப் போறியா? கடையில எக்ஸ்ட்ரா சாஸ் கேக்கவே உனக்கு நான் வேணும்."

போனில் படம் காட்டினேன். என்ன, ஏன், இல்லாவிட்டால் என்ன. யாரென்றே தெரியாத பிள்ளைகளைப் பற்றிக் கதை கட்டுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இது ஏமாற்று இல்லையா என்றாள். எந்தப் படம் வரும் என்று யாருக்கும் தெரியாது, பயிற்சிதான், எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது என்றேன்.

"எல்லாருமா?" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

நாங்கள் ஏன் வேகமாக வெளியே போனோம் என்று அவளும் இத்தனை வருடம் தனக்குள் கேட்டிருப்பாள் இல்லையா? நாங்கள் அறிவாளிகள், தான் மக்கு என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வையும் சந்தேகப் பார்வைதான். ஆனாலும் மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

தேர்வு முடிந்த அன்று எங்கள் கதவைத் தட்டி, கோடுதான் முதலில் முடிந்தது, என் பேச்சு முடியவில்லை என்றாள்.

பிறகு வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. தேர்வு அறையில் இருந்த மேற்பார்வை டீச்சர், மூன்று பெண்களும் ஒரே மாதிரி அடுக்கிப் பேசியதைக் கேட்டு மேலே சொல்லிவிட்டார். உதவித் தலைமை ஆசிரியர் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, படங்களை முன்னாலேயே கொடுத்தது யார் என்று கேட்டிருக்கிறார். தெரியும்வரை மூன்று பேர் மார்க்கும் வராது. மார்க் வராவிட்டால் ஆஸ்பத்திரி வகுப்பு இல்லை. மூன்று பேரும் என் பெயரைச் சொல்லவில்லை.

ஒரு டேபிள் முழுக்க நாங்களும் ஒரே மாதிரி கத்திப் பழகினோம். ஒரே மாதிரிதான் பேசினோம். எங்களை யாரும் தனித்தனியாகக் கூப்பிடவில்லை. எங்களுக்குக் கிடைத்தது கைகுலுக்கல்.

ஆன்ட்டிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. உங்கள் காரியத்துக்குப் பிறகு நம் வீட்டுக்கு வராதவர், முறுக்கு டப்பாவோடு வந்தார். மாலை போட்ட உங்கள் போட்டோவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நீ போயி ஒண்ணும் சொல்லிடாத கண்ணு. நம்ம பசங்க ரிசல்ட்டையும் தோண்ட ஆரம்பிச்சுடுவாங்க. உங்கப்பா பேரும் வெளிய வரும். போய்ச் சேர்ந்த மனுஷன். அவரு பேரை எதுக்கு இழுக்கணும்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பள்ளியை விட்ட நாளிலிருந்து என்மேல் கோபமாகவே இருக்கும் அம்மா, டப்பாவை ஆன்ட்டியின் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"அவரு பேரை அவ பாத்துக்குவா" என்றார்.

வெள்ளிக்கிழமை டானியேலாவின் அம்மாவையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் லீவு கேட்டிருக்கிறார். பக்கத்தில் நீ உட்காருவாயா என்று டானியேலா மூலம் கேட்டார். உட்காருவேன் என்றேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தது நான். எந்தப் படத்தையும் யாரும் கொடுக்கவில்லை. எனக்கு என் அப்பா செய்ததைத்தான் இவளுக்கு நான் செய்தேன். அது எனக்குச் சரி என்றால் இவளுக்கு எப்படித் தப்பாகும்? இதை நீளமாகச் சொல்லமாட்டேன். மெஷினிடம் பேசுவது போல் இல்லாமல், கேட்டதற்குப் பதிலாகச் சொல்வேன். கோகிலா ஆன்ட்டியின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் பெயரை எப்படி மறைப்பது அப்பா? நம் வழக்கப்படி இங்கே என் கடைசிப் பெயரே நீங்கள்தான். ஆபீஸ் வாசலில் முழுப் பெயரைக் கேட்பார்கள். கயல்விழி முருகேசன் என்று சொல்லித்தான் உள்ளேயே போக முடியும். அதை வெளியே விட்டுவிட்டுப் போகும்படி யாரும் என்னிடம் கேட்க முடியாது. ஆன்ட்டியும் முடியாது. நீங்களும் முடியாது.

நம்மாளுங்களுக்குள்ளயே இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னீர்களா இல்லையா, எனக்கு இனித் தெரியப்போவதில்லை. நல்லபடியாகவே நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் டானியேலாவின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சும்மா நினைத்துக்கொள்ள முடியவில்லை. இந்தக் கடிதத்தை என்றாவது படிக்க நேரும் நம் அங்கிள்களும் ஆன்ட்டிகளும் என்மேல் கோபப்படலாம். அவர்கள் வீட்டு டைனிங் டேபிளில் இடம் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோபப்படட்டும்.

வெள்ளிக்கிழமை நான் பேசுவேன் அப்பா. அன்று முடியாவிட்டால் திங்கட்கிழமை போவேன். அந்த மூன்று பேரின் மார்க்கை அவர்கள் வெளியே விடும்வரை போய்க்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் வாசலில் உங்கள் பெயரையும் சேர்த்தே சொல்வேன். அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்று ஆகும்வரை சொல்வேன்.

உங்கள் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்திருக்கும் உங்கள் மகள்,
கயல்விழி முருகேசன்